பழைய கேப் துப்பாக்கியைப் புதுப்பிக்கும்போது வரும் கோளாறுகள்: எதற்கு எங்கே பார்ப்பது

தீபாவளிக்குச் சுருள் கேப் போட்டு வெடிக்கும் பொம்மைத் துப்பாக்கி ஒரு காலத்தில் வார்ப்பிரும்பில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அமெரிக்காவில் செய்தவை பெரும்பாலும் அப்படித்தான். போருக்குப் பிறகு வந்தவற்றில் துத்தநாகக் கலவை வார்ப்புதான் அதிகம். தகட்டை அழுத்திச் செய்தவையும் உண்டு. சேலத்தில் பழைய சாமான் கடைகளைக் கிளறினாலும், ஏற்காட்டில் பழைய வீடுகளைக் காலி செய்யும்போதும் எப்போதாவது ஒன்று கையில் சிக்கும். துருவை எடுத்து, உடைந்ததை ஒட்டி, புது வில் (ஸ்ப்ரிங்) போட்டு, கைப்பிடிக்கு மரம் வைத்து, கடைசியில் நீலம் ஏற்றி (அதாவது இரும்பின் மேல் கருநீலப் படலம் வரவழைத்து) அலமாரியில் வைப்பது வீட்டுப் பட்டறைக்கு அளவான வேலை. சாமான் சின்னது, ஆனால் உலோக வேலையில் என்னென்ன தொல்லை உண்டோ அத்தனையும் இதில் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பொம்மை, பொம்மையாகவே இருக்கட்டும். போலித் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக மாற்றுவதற்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு உரிமம் கேட்கிறது. உண்மைத் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் 5-ஆவது பிரிவின்படி உரிமம் வேண்டும். தாத்தா காலத்து நிஜத் துப்பாக்கி வீட்டில் இருந்தால் அதை உரிமம் உள்ள ஆளிடம் கொண்டு போங்கள். பொம்மைக்கு நீலம் ஏற்றி முடித்தாலும் குழல் முனையில் பளிச்சென்று சிவப்போ ஆரஞ்சோ அடித்து விடுங்கள். பேருந்தில் பையைத் திறந்து யாருக்கும் காட்ட வேண்டாம்.

சரி, கோளாறுகளுக்கு வருவோம். இந்த வேலையில் கோளாறு தெரியும் இடம் வேறு, பிறந்த இடம் வேறு. நீலம் திட்டுத் திட்டாக வந்தால் நீல மருந்தைத் திட்டுவார்கள். காரணம் கழுவியதில் இருக்கும். வில் உடைந்தால் கம்பியைத் திட்டுவார்கள். காரணம் சூட்டில் இருக்கும். அதனால் கீழே உள்ள எந்தக் கோளாறு வந்தாலும், அது தெரிந்த படியை விட்டுவிட்டு அதற்கு முந்தைய படியில் தேடத் தொடங்குங்கள்.

உடம்பில் மயிரிழை விரிசல், ஆங்காங்கே உப்பல்

காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை, சாமானும் கனமாக இருக்கிறது, சுரண்டிய இடம் சாம்பல் கலந்த வெள்ளை என்றால் அது துத்தநாக வார்ப்பு. பழைய துத்தநாக வார்ப்பில் ஈயம் போன்ற கலப்படம் கொஞ்சம் இருந்தாலே போதும், வருடக்கணக்கில் ஈரம் பட்டு உள்ளிருந்தே அரித்துப் பிளக்கும். இதற்கு மருந்து கிடையாது. ஒட்டவும் முடியாது, சூடு காட்டவும் முடியாது. அப்படியே துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு வேறு ஒன்றைத் தேடுங்கள்.

விரிசல் இல்லாத துத்தநாக உடம்பு என்றால் வேலை செய்யலாம். ஆனால் கீழே சொல்லும் கேஸ் டார்ச், சலவை சோடாத் தொட்டி, நீலம் மூன்றும் அதற்கு ஆகாது. பெயின்ட்தான் வழி.

பழைய பெயின்ட் இருந்தால் உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடுங்கள், தூசி பறக்காது.

வினிகரில் ஊறப்போட்ட பிறகு இரும்பு ரோஸ் நிறமாக மாறிவிட்டது

இரும்பையும் பித்தளைத் திருகையும் ஒரே கிண்ணத்தில் போட்டிருப்பீர்கள். அமிலத்தில் பித்தளையிலிருந்து கரைந்த செம்பு, இரும்பின் மேல் போய்ப் படிந்திருக்கிறது. பித்தளையிலும் மேல்பரப்புத் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சியதால் அதுவும் ரோஸ் ஆகியிருக்கும். பித்தளையை மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் பழைய மஞ்சள் வந்துவிடும். இரும்பில் படிந்த செம்பை நைசான உப்புத்தாளில் முழுவதும் எடுத்தாக வேண்டும். கொஞ்சம் விட்டாலும் அந்த இடத்தில் நீலம் ஏறாது. இனிமேல் தனித்தனிக் கிண்ணம்.

சலவை சோடாத் தொட்டியில் போட்டும் துரு அசையவில்லை

பழைய பேட்டரி சார்ஜர், ஒரு வாளித் தண்ணீர், சலவை சோடா: மின்சாரத்தால் துரு எடுக்கும் முறை பலருக்கும் தெரிந்திருக்கும். சாமானை எதிர்முனையில் மாட்டி, தியாகம் செய்யும் இரும்புத் துண்டை நேர்முனையில் மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் துருப் போகாது, உங்கள் துப்பாக்கிதான் கரையும். குமிழி இரண்டு பக்கமும் வரும் என்பதால் குமிழியைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஒயரைப் பாருங்கள். சரியாக மாட்டியும் வேலை நடக்கவில்லை என்றால் கவ்வி பிடித்த இடத்தில் பெயின்டோ துருவோ மறைத்துக்கொண்டிருக்கும். அங்கே மட்டும் வெளிர் உலோகம் தெரியச் சுரண்டி மாட்டுங்கள்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. சேலத்தில் உருக்காலை இருப்பதால் ஸ்டெயின்லெஸ் வெட்டுத் துண்டு சுலபமாகக் கிடைக்கும். துருப் பிடிக்காதே, தேயாதே என்று அதை நேர்முனையில் தொங்கவிடத் தோன்றும். வேண்டவே வேண்டாம். ஸ்டெயின்லெஸில் உள்ள குரோமியம் கரைந்து நச்சுக் குரோமியமாக வாளியில் சேரும். தண்ணீர் மஞ்சளாக மாறினால் அதுதான். சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கம்பி போதும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் வெளித் திண்ணையில் வைத்துச் செய்யுங்கள்.

பொடி உருண்டு நிற்கிறது, ஓடவில்லை

விசையைச் சுற்றியுள்ள வளையம் உடைந்திருக்கும், அல்லது கேப்பை அடிக்கும் சுத்தியின் காது போயிருக்கும். இரும்பை இரும்போடு பற்றவைக்க வெள்ளிப் பொடிதான் (உருகி இணைப்பை ஒட்டும் வெள்ளிக் கலவை) நல்லது. சேலத்தில் அதற்குப் பஞ்சம் இல்லை. கொலுசு வேலை நடக்கும் ஊர், செவ்வாய்பேட்டைப் பக்கம் போனால் வெள்ளிப் பொடியும், பற்றவைக்கும்போது பூசும் வெங்காரமும் கேட்டு வாங்கலாம். ஒன்று மட்டும் கவனம்: காட்மியம் கலந்த கே.டி.எம். பொடி வேண்டாம். அதன் புகை நுரையீரலைத் தாக்கும். காட்மியம் இல்லாதது என்று சொல்லியே கேளுங்கள்.

பொடி உருண்டையாக நின்றால் நான்கில் ஒன்று நடந்திருக்கிறது.

முதலாவது, சுடரைப் பொடியின் மேல் காட்டியிருப்பீர்கள். பொடி உருகிவிட்டது, இரும்பு இன்னும் சூடாகவில்லை. வெள்ளி வேலைக்காரர்கள் ஊதும்போது சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். சுடர் பொடியின் பக்கமே போகாது, சாமானைச் சுற்றிச் சுற்றி வரும். சாமான் செந்நிறத்துக்கு வந்ததும் பொடி தானாக உருகி இணைப்புக்குள் இழுபடும். உருகிய பொடி சூடு அதிகமுள்ள பக்கம்தான் ஓடும். ஒரு பக்கம் மட்டும் ஓடி மறுபக்கம் ஏறவில்லை என்றால், மறுபக்கம் சூடு குறைவு. பெரும்பாலும் அது கனமான துண்டாக இருக்கும். சூட்டை முதலில் கனமானதற்குக் கொடுங்கள்.

இரண்டாவது, வெங்காரம் எரிந்துவிட்டது. வெங்காரம் முதலில் பொங்கி வெள்ளையாக உப்பும், அப்புறம் அடங்கிக் கண்ணாடியாகப் பளபளக்கும். அந்தக் கண்ணாடி கறுத்து, சொரசொரப்பாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. அதற்கு மேல் எவ்வளவு ஊதினாலும் பயனில்லை. ஆறவிட்டு, வெந்நீரில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, புதிதாகத் தொடங்குங்கள்.

மூன்றாவது, சாமான் வார்ப்பிரும்பு. அதில் கிராஃபைட் கரி பொதிந்திருக்கும். அரம் போட்டால் அந்தக் கரி பரப்பு முழுக்க இழுபட்டுப் பூசிக்கொள்ளும், பொடி ஒட்டாது. கையால் தொட்டால் விரலில் பென்சில் மை மாதிரிக் கறை படியும். கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, உடனே வெங்காரம் பூசி விடுங்கள். வார்ப்பிரும்பை மெல்ல மெல்லச் சூடேற்றி, முடிந்ததும் மெல்லவே ஆறவிட வேண்டும். தண்ணீரில் போட்டால் பிளந்துவிடும்.

நான்காவது கொஞ்சம் விசித்திரமானது. சாமான் செந்நிறத்துக்கே வரமாட்டேன் என்கிறதா? கீழே என்ன செங்கல் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். சேர்வராயன் அடிவாரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் குன்றுகளில் எடுப்பது மேக்னசைட். அதிலிருந்து உலைகளுக்குச் செங்கல் செய்கிறார்கள். அப்படிப்பட்ட உடைந்த செங்கல் ஒன்று இந்தப் பக்கம் யாராவது ஒருவர் பட்டறையில் கிடக்கும். உலைச் செங்கல்தானே, டார்ச்சுக்கு நல்லது என்று எடுத்து வைப்போம். அது சூட்டைத் தாங்கும், ஆனால் கனம் அதிகம், சூட்டை நன்றாகக் கடத்தவும் செய்யும். சின்னக் கேஸ் டார்ச் கொடுக்கும் சூட்டை முழுக்க அதுவே குடித்துவிடும். கையில் எடுத்தால் ரஸ்க் போல எடையில்லாமல் இருக்கும் இன்சுலேஷன் செங்கல்தான் இந்த வேலைக்கு. அதில் ஒரு துண்டை அடியிலும் ஒரு துண்டைப் பின்னாலும் வைத்தால் அதே டார்ச் சுலபமாகச் செந்நிறம் கொடுக்கும்.

திருகு இரண்டு சுற்றில் இறுகிவிடுகிறது

நிறுத்துங்கள். இறுக்கிச் சுற்றினால் ஏறிவிடும் என்பது உண்மைதான், பழைய மரையைத் தின்றுகொண்டு ஏறும். பழைய பிரிட்டிஷ் சாமான்களில் பி.ஏ. அளவுத் திருகு இருக்கும். 6 பி.ஏ. என்பது 2.8 மி.மீ. விட்டம், 0.53 மி.மீ. மரை இடைவெளி. நம் கடையில் கிடைக்கும் எம்3 என்பது 3 மி.மீ. விட்டம், 0.5 மி.மீ. இடைவெளி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய ரேடியோ பழுதுபார்த்த கடைகளில் டப்பா நிறைய பி.ஏ. திருகு வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் துளையை 2.5 மி.மீ. ட்ரில்லில் சுத்தம் செய்து எம்3 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போட்டு விடலாம்.

டேப் உள்ளேயே உடைந்துவிட்டது

எம்3 டேப் உடைவது சகஜம். அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால், எண்ணெய் விட்டுக்கொண்டே போனால் உடையாது. துளை 2.4 மி.மீ. ஆக இருந்தால் சுலபமாக உடையும். அதாவது டேப் உடைந்ததற்கு ட்ரில் பிட்டைப் பாருங்கள், அளவு சிறியதாக இருக்கலாம்.

உடைந்ததை எடுப்பது உடம்பு எந்த உலோகம் என்பதைப் பொறுத்தது. பித்தளைத் துண்டில் உடைந்திருந்தால் படிகாரம் போதும். நாட்டு மருந்துக் கடைப் படிகாரத்தைத் தண்ணீரில் கரையும் மட்டும் கரைத்து, சாமானை அதில் போட்டு இளங்கொதியில் வையுங்கள். இரும்பு டேப்பிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பும். மணிக்கணக்கில் ஆகும், சில சமயம் ஒரு நாள் முழுக்கக்கூட ஆகும். கடைசியில் டேப் கறுப்புச் சேறாக உதிரும், பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. கடிகாரக்காரர்களின் பழைய தந்திரம் இது. உடம்பு இரும்பாக இருந்தால் படிகாரம் உடம்பையும் சேர்த்துத் தின்னும். அப்போது கூரான குத்தூசியால் (பஞ்ச்) பக்கவாட்டில் தட்டி எதிர்த் திசையில் திருப்பிப் பாருங்கள். வரவில்லை என்றால் கார்பைடு பிட் வைத்திருக்கும் லேத் பட்டறையில் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

வில் உடைகிறது, அல்லது வளைந்தது வளைந்தபடியே நிற்கிறது

சுத்தியைத் தள்ளும் வில் இரண்டு மாதிரி இருக்கும், சுருள் அல்லது பட்டை.

சுருள் என்றால் பியானோ கம்பி வாங்கிச் சுற்றுங்கள். சுற்றி விட்டதும் கம்பி கொஞ்சம் விரியும். அதனால் வேண்டிய உள்விட்டத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு உள்ள கம்பியின் மேல் சுற்றிப் பாருங்கள், தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். புதுச் சுருள் சில நாளில் தளர்ந்து நீளம் குறைந்தால், சுற்றியபின் சூடு காட்டவில்லை என்று பொருள். கேக் சுடும் அடுப்பில் 250 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் இறுக்கம் நிலைக்கும். கம்பி செந்நிறமானால் அதன் வில் தன்மை போய்விடும், டார்ச்சைக் கிட்டே கொண்டுவராதீர்கள்.

பட்டை வில்தான் ஆட்களைச் சோதிக்கும். பழைய ஹாக்ஸா பிளேடை, முழுக்கக் கார்பன் எஃகாக இருந்தால், செந்நிறமாகச் சுட்டு மெல்ல ஆறவிட்டால் மெத்தென்று ஆகும். அரத்தால் வடிவம் கொடுத்து, வளைத்து, மறுபடி கடினமாக்க வேண்டும். வில் கண்ணாடி போல் பட்டென்று உடைந்தால் கடினமாகிவிட்டது, பதம் இறக்கவில்லை (மறுபடி மிதமாகச் சுட்டு அந்தக் கடினத்தைக் கொஞ்சம் குறைக்கவில்லை). வளைந்தது வளைந்தபடி நின்றால் கடினமே ஆகவில்லை, அல்லது பதம் அதிகமாக இறங்கிவிட்டது. இந்த இரண்டையும் பிரித்தறிய அரம் போதும்: எண்ணெயில் முக்கி எடுத்தவுடன் ஓரத்தில் அரம் வையுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கடினமாகியிருக்கிறது. கடித்தால் சூடு போதவில்லை.

எவ்வளவு சூடு என்பதற்குக் கண்ணை மட்டும் நம்பினால் வெயிலில் ஏமாறுவீர்கள். மதியத்தில் செந்நிறமே தெரியாது, அதனால் கூடுதலாகச் சுட்டுவிடுவீர்கள். கம்பி முனையில் ஒரு காந்தத்தைக் கட்டி வையுங்கள். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். ஒட்டாமல் போன பிறகு இன்னும் சற்றே ஏற்றி, வெதுவெதுப்பான கடலை எண்ணெயில் நேர்க்குத்தாக முக்குங்கள். தண்ணீரில் முக்கினால் இவ்வளவு மெல்லிய பட்டை கோணும், பிளக்கும்.

அப்புறம் பதம் இறக்குவது. பட்டையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் பளிச்சென்று ஆக்குங்கள். இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டி, பளிச்சென்ற பக்கம் மேலே தெரிய மணலில் வைத்து அடுப்பைச் சின்னதாக எரியவிடுங்கள். முதலில் வைக்கோல் மஞ்சள் வரும், அது 230 டிகிரிக்குப் பக்கம். பிறகு பழுப்பு, கத்திரிப்பூ நிறம், அதன்பின் மயில் கழுத்து நீலம். நீலம் 300 டிகிரி வாக்கில் வருகிறது, வில்லுக்கு அதுதான் பதம். மஞ்சளிலேயே எடுத்தால் உடையும். நீலம் மங்கிச் சாம்பல் நிறமாகும்வரை விட்டால் வளையும். ஒரு முனை நீலமாகவும் மறு முனை மஞ்சளாகவும் இருந்தால் மணல் சட்டியில் சூடு சமமாகப் பரவவில்லை. உடையப் போவது அந்த மஞ்சள் பக்கம்தான்.

அரம் போட்ட இடத்தில் ஆழமான கீறல்கள்

அரத்தின் பற்களில் துகள் சிக்கியிருக்கிறது. கம்பித் தூரிகையால் தட்டி எடுத்து, அரத்தின் மேல் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டு போடுங்கள். கீறலை நீலம் மறைக்கும் என்று நினைக்காதீர்கள், எடுத்துக் காட்டும்.

நீலம் சம்பந்தப்பட்ட எல்லாம்

கடையில் வரும் குளிர் நீல மருந்தில் பெரும்பாலும் செலினியமும் செம்பு உப்பும் இருக்கும். தேய்த்ததும் கறுக்கும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. பொறுமை இருந்தால் துரு நீலமே மேல். செலவும் குறைவு, பிடிப்பும் உறுதி.

முறை எளிது. சுத்தமான இரும்பில் வேண்டுமென்றே மெல்லிய செந்துரு வரவழைத்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டால் அது கறுப்பு ஆக்சைடாக மாறும். கஞ்சமலைப் பாறையில் இருக்கும் மேக்னடைட்தான் அது, உங்கள் சாமானின் மேல் ஒரு மெல்லிய படலமாக. சொரசொரப்பை நைசான ஸ்டீல் வுல்லால் மென்மையாகத் துடைத்துவிட்டு மறுபடி துரு, மறுபடி கொதி. நாலைந்து சுற்றில் சாம்பலும் பழுப்புமாக இருந்தது ஆழ்ந்த கறுப்பாகும்.

துரு வரவழைக்க மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். 20 வால்யூம் என்று போட்டிருந்தால் அது 6 சதவீதம். 100 மில்லிக்கு அதே அளவு டிஸ்டில்டு வாட்டர், 25 மில்லி வினிகர், அரை டீஸ்பூனுக்குச் சற்றே கூடுதலாக உப்பு. அன்றைக்குத் தேவையானதை அன்றைக்குக் கலக்குங்கள். மூடி இறுக்கி வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

*திட்டுத் திட்டாக ஏறுகிறது.* எண்ணெய்ப் பசை. சாமானைத் தண்ணீரில் முக்கி எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக நின்றால் சுத்தம். எங்காவது படலம் விலகி முத்து முத்தாகத் திரண்டால் அங்கே பசை இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, அசிட்டோனில் துடைத்து, அதன்பின் வெறுங்கையால் தொடாதீர்கள். ஸ்டீல் வுல்லிலும் எண்ணெய் இருக்கும், அதையும் அசிட்டோனில் அலசியே எடுக்க வேண்டும். பலர் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்: சாமானை மாய்ந்து மாய்ந்து கழுவிவிட்டு, எண்ணெய் வுல்லால் துடைத்துப் பழையபடி பசையை ஏற்றிவிடுகிறார்கள்.

*ஒரு பகுதி மட்டும் ஏறவே இல்லை.* பழைய நிக்கல் முலாம் அங்கே மிச்சம் இருக்கலாம். அல்லது அந்தத் துண்டை நீங்கள் புதிதாக ஸ்டெயின்லெஸ் தகட்டில் வெட்டிப் போட்டிருக்கலாம். காந்தம் ஒட்டுகிறதே, இரும்புதானே என்று வாதாடாதீர்கள். 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, 430 ரகத்தில் நன்றாகவே ஒட்டும். இரண்டிலும் துரு நீலம் ஏறாது. எம்.எஸ். தகட்டில் மாற்றி வெட்டுங்கள்.

*துருவே வரமாட்டேன் என்கிறது, அல்லது கோடு கோடாக வருகிறது.* சித்திரை, வைகாசியில் சேலத்து வெயிலில் செய்திருப்பீர்கள். மருந்து பூசிய கணமே காய்ந்துவிடும், துரு பிடிக்க ஈரம் ஏது? ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் ஈரத் துண்டை விரித்து, சாமானை நூலில் தொங்கவிட்டு மூடி வையுங்கள். சாமான் துண்டையோ பெட்டிச் சுவரையோ தொடக் கூடாது. மருந்தைச் சொட்டச் சொட்டப் பூசாமல், பஞ்சை நனைத்துப் பிழிந்து, ஒரே இழுப்பாக ஒரு திசையில் பூசுங்கள்.

*துரு வந்தது, ஆனால் கொரகொரவென்று குழி விழுந்துவிட்டது.* இது ஏற்காட்டு நோய். மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும் ஊரில் ஈரப் பெட்டி தேவையே இல்லை. சாயங்காலம் பூசிவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுத்தால் காலையில் குழிதான் இருக்கும். அங்கே அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். ஆரஞ்சு வெல்வெட் போல மெல்லிதாகப் படர்ந்ததும் கொதியில் போட்டுவிட வேண்டும். குழி விழுந்துவிட்டால் உப்புத்தாளுக்குத்தான் திரும்ப வேண்டும்.

*கொதிக்க வைத்தும் பழுப்பாகவே இருக்கிறது.* நேரம் போதவில்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேலத்தில் கால் மணியில் முடிவது மேலே அரை மணி எடுக்கலாம். தண்ணீர் சோம்பிக் கிடக்காமல் தளதளவென்று கொதிக்க வேண்டும்.

*கறுப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகள்.* தண்ணீர். போர்வெல் தண்ணீரில் உள்ள உப்பு கொதிக்கும்போது சாமானில் படியும். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் தேவலாம், ஆனாலும் அதில் குளோரின் உண்டு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள், இவ்வளவு சின்னச் சாமானுக்கு ஒரு கேன் தாராளம். கொதிக்க வைத்த பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பித் தராதீர்கள்.

*துணியில் துடைத்தால் கறுப்பு வந்துகொண்டே இருக்கிறது.* சுற்றுக்கு இடையில் துடைத்தது போதவில்லை. ஒட்டாத ஆக்சைடின் மேல் அடுத்த அடுக்கு ஏறியிருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருள் இதற்கு ஆகாது, அது கீறும். நான்கு பூஜ்ய ரக ஸ்டீல் வுல்தான் வேண்டும். அழுத்தாமல், தூசி துடைப்பது போல.

*எல்லாம் முடிந்து ஒரு வாரத்தில் மறுபடி செந்துரு.* மருந்தில் இருந்த உப்பு திருகுத் துளையிலும் இணைப்பிலும் ஒளிந்திருக்கிறது. கடைசிச் சுற்று முடிந்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒருமுறை கொதிக்க வைத்து, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, சூடு ஆறுவதற்குள் எண்ணெயில் முக்கி ஒரு இரவு விடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் காறிப்போகும், ஏற்காட்டுக் குளிரில் உறைந்தும் போகும்.

கைப்பிடி மரத்தைச் சுற்றி இரும்பில் துரு, மரத்தில் கறுப்புக் கறை

மரம் காயவில்லை, அல்லது துவர்ப்பு அதிகமுள்ள மரம். கருவேலம் போன்றவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் மை போல் கறுக்கும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்துண்டு நன்றாகக் காய்ந்திருந்தால் இழைப்புக்கும் பாலிஷுக்கும் அழகாக வரும். ஈட்டி மரம் ஆசை இருந்தால் பழைய நாற்காலிக் காலிலிருந்து எடுங்கள், புதிதாக வெட்டியதை வாங்கிச் சட்டச் சிக்கலில் மாட்ட வேண்டாம். எந்த மரமானாலும் இரும்பைத் தொடும் உள்பக்கத்திலும் திருகுத் துளைக்குள்ளும் ஷெல்லாக் பூசி விடுங்கள். பார்க்கத் தெரியாத பக்கம் என்று அதை விடுவதுதான் வழக்கம், ஈரம் நுழைவதும் அங்கேதான்.

நீலம் ஏற்றிய பிறகு விசை இறுகுகிறது

படலத்தின் கனம் இதற்குக் காரணமாகாது, அது அவ்வளவு மெல்லியது. தேயும் பரப்புகளிலும் ஆணித் துளையிலும் துரு ஏறிச் சொரசொரப்பாகியிருக்கும். அடுத்த முறை மருந்து பூசும் முன் ஆணித் துளைகளை மரக்குச்சியால் அடைத்துவிடுங்கள். இப்போதைக்கு ஆணியை எடுத்து, 1,000 ரக உப்புத்தாளை ஒரு கம்பியில் சுற்றித் துளைக்குள் இரண்டு இழுப்பு, ஆணியின் மேல் இரண்டு இழுப்பு, ஒரு சொட்டு எண்ணெய். விசை ஓடும்.

அலமாரியில் வைத்த பிறகு விரல் ரேகை வடிவில் துரு

வந்தவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள், தடுக்க முடியாது. எண்ணெய்த் துணியால் துடைத்தே திரும்ப வையுங்கள். தோல் உறை செய்து அதில் போட்டு வைக்க ஆசைப்படாதீர்கள். பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் உண்டு, மலை ஈரத்தில் தோல் நனைந்துகொண்டே இருக்கும். உறை அழகாக இருந்தால் பக்கத்தில் தனியாகத் தொங்கவிடுங்கள்.